என் சமையலறையின் வெளிப்பக்கம்

பல் டாக்டரின் வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டு ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் பக்கத்தைக் கிழித்தேன். அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். கிழிக்கிற சத்தம் கேட்கக் கூடாதென்று பலமாக இருமினேன். எதிரில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒருவர், பல்வலியோடு இருமலும் சேர்ந்துவிட்டதே இந்தப் பொம்பளைக்கு என்று பரிதாபமாகப் பார்த்தார். பக்கத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போல உள்ளே போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு சமையலறையின் படம் இருந்தது. ஒரு சுவரில் ஆரம்பித்து அடுத்த சுவரின் கோடிவரை, நடுவே ஓரிடத்திலும் அறுபடாமல், வெண்ணெய் நிறத்தில் வரிசையாக அலமாரிகள். கீழே முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குப் பளபளக்கும் கறுப்புக் கிரானைட். அடுப்புக்கு மேலே எவர்சில்வர் சிம்னி. மேடையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதில் பச்சை ஆப்பிள்கள். ஓர் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, ஒரு கரித்துணி இல்லை. அங்கே யாரும் கடுகு தாளித்த தடயமே இல்லை. எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருந்தது.

தொண்ணூற்றேழாம் வருடம் அது. சிங்காநல்லூரில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்து மோட்டார் பம்புக்கு உதிரி பாகங்கள் செய்துகொண்டிருந்தார். வீட்டில் மற்ற அறைகள் எப்படியோ, சமையலறை மட்டும் பட்டறையின் நீட்சி மாதிரிதான் இருந்தது. கடப்பாக் கல் மேடை, பழைய செய்தித்தாள் விரித்த திறந்த அலமாரிகள், புகையில் கறுத்துப்போன பச்சை டிஸ்டெம்பர், மூலையில் ஆட்களைப் பயமுறுத்துகிற ஒரு கிரைண்டர். ஆறு வருடமாக அதில்தான் சமைத்தேன். ஒரு குறையும் தெரியவில்லை, பெருந்துறைக்குப் போய்விட்டு வரும்வரை.

பெருந்துறையில் என் வீட்டுக்காரரின் அக்கா இருந்தார். எங்கள் பக்கத்தில் நாத்தனாரை நங்கையா என்று கூப்பிடுவோம். தொழிற்பேட்டையில் கம்பெனி ஆரம்பித்து, கையோடு புது வீடும் கட்டியிருந்தார்கள். நங்கையா என்னை நேராகச் சமையலறைக்குக் கூட்டிப்போய் ஒவ்வொரு இழுப்பறையையும் இழுத்து இழுத்துக் காட்டினார். கரண்டிக்கு ஒன்று, தட்டுக்கு ஒன்று, வெங்காயத்துக்குக் கம்பிக்கூடை. கடைசியில் என் தோளில் கை போட்டு, "ஏ அம்மணி, நீ இன்னும் அந்தக் கடப்பாக் கல்லுலதான் கெடந்து வேகறயா?" என்றார்.

அன்பாகத்தான் கேட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குக் கோபம் வந்தால் சண்டை போட வராது, சாமான் வாங்கத்தான் வரும். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். பல் டாக்டரிடம் போனபோது அந்தப் படம் கைக்கு வந்தது அதற்கு அடுத்த வாரம்.

படத்தில் இருந்த சமையலறைக்கும் என் சமையலறைக்கும் நடுவே ஒரே ஒரு தடங்கல்தான். என் வீட்டில் ஒரு ஜன்னல் இருந்தது.

மேடை முடிகிற இடத்தில், பக்கச் சுவரில், இரண்டடி அகல ஜன்னல். அதற்கு வெளியே, ஒரு ஆள் உடம்பை ஒருக்களித்து நடக்கிற அளவுக்குச் சந்து. சந்தின் அந்தப் பக்கம், நேர் எதிரே, அடுத்த வீட்டுச் சமையலறையின் ஜன்னல். அந்த ஜன்னலில் ஒரு புதினாத் தொட்டி, தொட்டிக்குப் பின்னால் என் சிநேகிதி.

அவள் தாராபுரத்துப் பெண். டவுனில் கண்ணாடிக் கடை வைத்திருந்தவரைக் கட்டிக்கொண்டு, நாங்கள் குடி வந்த அதே வருடம் அடுத்த வீட்டுக்கு வந்தாள். முஸ்லிம் குடும்பம். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். காலையில் அவள் அடுப்பைப் பற்றவைத்ததும் கரண்டியால் ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டுவாள். "ஏனுங்க்கா, எந்திரிச்சாச்சுங்களா?" என்பாள். நானும் பதிலுக்கு இரண்டு தட்டுவேன். என் அலாரம் கடிகாரத்தைப் பழுது பார்க்காமலே ஆறு வருடம் ஓட்டினேன் என்றால் அவள் புண்ணியம்தான்.

இரண்டு பேரும் கையை நீட்டினால் சந்தின் நடுவே விரல்கள் தொடும். அப்படித்தான் எல்லாம் போய் வந்தது. என் வீட்டு அரிசிம்பருப்புச் சாதம் அந்தப் பக்கம் போகும், அவள் வீட்டு நோன்புக் கஞ்சி இந்தப் பக்கம் வரும். கம்பிகளுக்கு நடுவே சாதாரணக் கிண்ணம் நுழையாது. அதற்கென்றே கடைக்குக் கடை ஏறி இறங்கி, சோப்புப் பெட்டி மாதிரி ஒடுங்கி நீண்ட ஒரு டிபன் டப்பாவை வாங்கினாள். அது அவளுடையதா என்னுடையதா என்பது எங்களுக்கே மறந்துபோயிருந்தது. காலியாக மட்டும் அது ஒரு தடவைகூடச் சந்தைத் தாண்டியதில்லை.

டப்பாவைவிட அதிகமாகப் போய் வந்தது பேச்சு. ரசம் கொதித்து இறங்குவதற்குள் மாமியார், கொழுந்தன், டிவி சீரியல், முழங்கால் வலி எல்லாம் முடிந்துவிடும். முகத்தைப் பார்த்துப் பேசுவதும் இல்லை. அவள் வெங்காயத்தைப் பார்த்துப் பேசுவாள், நான் அடுப்பைப் பார்த்துப் பேசுவேன். என் அப்பா இறந்து நான் ஊரிலிருந்து திரும்பிய நாளில் அவள் காலையிலிருந்து மத்தியானம்வரை அந்த ஜன்னலோரம் நின்று, இல்லாத வேலையெல்லாம் செய்துகொண்டிருந்தாள். நான் தனியாக இல்லை என்று எனக்குத் தெரிய வேண்டுமென்று நின்றாள்.

அந்த வருடம் நவம்பர் கடைசியில் ஊரில் மதக் கலவரம் வந்தது. ஊரில் நடந்ததை நான் எழுதப் போவதில்லை. அதை எழுத வேண்டியவர்கள் வேறு. எனக்குத் தெரிந்தது ஒரு ஜன்னல் மட்டும்தான். கடைகள் அடைத்திருந்த அந்த நாட்களில் எங்கள் பாலும் அவர்கள் வீட்டுக் கோதுமை மாவும் கம்பிக்கு நடுவே போய் வந்தன. மணிக்கொரு தரம் கரண்டிச் சத்தம் கேட்கும். "இருக்கறீங்களாக்கா?" என்பாள். "இங்கதான் இருக்கறேன் அம்மணி, எங்க போயிருவேன்?" என்பேன்.

அவள் வீட்டுக்காரரின் கடையில் முன்பக்கத்துக் கண்ணாடி அத்தனையும் நொறுங்கியிருந்தது. நிலைமை கொஞ்சம் அடங்கியதும் அவளையும் மூன்று வயதுப் பெண்ணையும் தாராபுரத்துக்கு அனுப்பிவைப்பதென்று அவர் முடிவு செய்தார். கிளம்புகிற காலையில் கம்பியைத் தட்டிக் கூப்பிட்டாள்.

"அம்மா ஊட்டுக்குப் போயிட்டு வாரனுங்க்கா. நோம்பு முடிஞ்சு, பெருநாளும் கழிச்சுத்தான் வருவேன். இவுங்க காலைல போனா ராத்திரிதான் வருவாங்க, செடியெல்லாம் கண்ணுக்கே தெரியாது. புதினாவுக்கு மட்டும் ஒரு கை தண்ணி ஊத்திருங்க்கா."

"நீ கவலைப்படாம போயிட்டு வா. நீ வாரப்ப காடாட்டம் வளத்து வெக்கறேன்" என்றேன். அவள் பெண் கம்பிக்கு நடுவே கையை நீட்டி ஆட்டியது.

அவள் போன ஒரு வாரத்தில் கொத்தனாரும் ஆசாரியும் வந்து இறங்கினார்கள். பொங்கலுக்கு நங்கையா குடும்பத்தோடு வருவதாக இருந்தது. அதற்குள் முடித்தாக வேண்டும். படத்தை மேடைமீது விரித்து வைத்தேன்.

ஆசாரி நல்ல மனிதர். படத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "ஏனுங்கம்மா, இந்த எடத்துல மட்டும் அலமாரிய நிறுத்திக்கலாமுங்க. ஜன்னல் இருந்தா வெளிச்சம் வருமுங்க, காத்தும் வருமுங்க" என்றார்.

"படத்துல ஜன்னல் எங்கீங்க இருக்குது?" என்று கேட்டேன்.

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மறுபடியும் ஜன்னலைப் பார்த்தார். எனக்கு அந்த வரிசை அறுபடுவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. வெளிச்சத்துக்கு டியூப் லைட் போட்டுக்கொள்ளலாம், காற்றுக்குத்தான் சிம்னி வருகிறதே என்று வாதாடினேன். சிநேகிதியைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். அவளுக்கும் இந்த மாதிரிப் பளபளப்பெல்லாம் பிடிக்கும், வந்து பார்த்து வாயைப் பிளப்பாள் என்று யோசித்தேன். ஜன்னல் போனால் என்ன, வாசல் வழியாக வந்து இந்தக் கிரானைட்டில் கை வைத்து நின்று பேசட்டும் என்று நினைத்தேன். நான் நினைத்தது இவ்வளவுதான், இதற்குமேல் ஓர் அங்குலமும் இல்லை.

மரச்சட்டத்தைப் பெயர்த்து மொட்டை மாடியில் போட்டார்கள். ஒரே நாளில் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. உள்பக்கம் பூசி, வெள்ளை டைல்ஸ் ஒட்டி, நடுநடுவே பழக்கூடை வரைந்த டைல்ஸையும் பதித்தார்கள். கொத்தனார் கிளம்பும்போது சந்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "வெளிப்பக்கம் பூசிப்போடட்டுங்களா?" என்று கேட்டார். சந்துக்குள் ஒருக்களித்து நின்று பூச வேண்டும், இன்னொரு நாள் வர வேண்டும் என்றார். பொங்கலுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. சிங்க் இன்னும் மாட்டவில்லை, சிம்னி இன்னும் வந்து சேரவில்லை. "அங்க யாரு பாக்கப் போறாங்க, அப்பறம் பாத்துக்கலாம்" என்று சொல்லி அவரைச் சிங்க் பக்கம் அனுப்பினேன்.

அந்தப் பரபரப்பில் புதினாவை மறந்தேன். ஜன்னல் இருந்தவரை நீளக் காம்புள்ள கரண்டியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அடைத்த பிறகு அவர்கள் வாசலுக்குப் போய், அவர் இருக்கிற நேரம் பார்த்து, உள்ளே போய் ஊற்றியிருக்க வேண்டும். நாளைக்குப் போகலாம் என்று நாலு தடவை நினைத்தேன். பிறகு நினைக்கவும் இல்லை.

மேல் வரிசையில் இரண்டு கதவுக்கு மட்டும் கண்ணாடி. அதை யார் வெட்டிக் கொடுப்பது? அவள் வீட்டுக்காரர்தான். தம் கடையே பாதி உடைந்து கிடக்கிற நேரத்தில், ஓரத்தில் கொடியும் இலையும் பனிபடர்ந்த மாதிரி வரைந்து, பார்த்துப் பார்த்து வெட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடியை மாட்டிவிட்டுத் திரும்பியவரின் பார்வை டைல்ஸ் சுவரில் போய் நின்றது.

"இங்க..." என்று ஆரம்பித்தார்.

நான் முந்திக்கொண்டேன். "அவளுக்குச் சொல்லிப்போடாதீங்க. வந்து அவளே பாக்கட்டும். அசந்து போயிருவா பாருங்க."

அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். பிறகு, "சொல்ல மாட்டனுங்க்கா" என்றார். அவர் வாக்குத் தவறாத மனிதர். சொல்லவில்லை.

பொங்கலுக்கு நங்கையா வந்தார். சுற்றிப் பார்த்தார். இழுப்பறைகளை இழுத்துப் பார்த்தார். "பரவால்லயே அம்மணி, எங்களதவிட உன்னதுதான் லட்சணமா இருக்குது" என்றார். அதைக் கேட்பதற்குத்தான் இத்தனையும். கேட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அந்தச் சந்தோஷம் அவர்கள் கார் வீதி திரும்பும்வரை தாங்கியது. மறுநாள் காலையில் கரண்டியை எடுத்து இரண்டு தட்டுத் தட்டக் கை தூக்கியபோதுதான், தட்டக் கம்பி இல்லை என்பது உறைத்தது. அவள்தான் ஊரில் இல்லையே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பெருநாள் முடிந்து பிப்ரவரி முதல் வாரத்தில் அவள் திரும்பி வந்தாள். அவள் வந்தது எனக்குத் தெரியாது. முன்பென்றால் அவள் பெட்டியைக் கீழே வைக்கும் முன்னே தெரிந்திருக்கும். இப்போது செங்கலும் டைல்ஸும் நடுவே. அவள் சமையலறைக்குள் நுழைந்திருப்பாள், ஜன்னல் கதவைத் திறந்திருப்பாள். அந்த நேரத்தில் நான் இந்தப் பக்கம் கிரானைட்டைத் துடைத்துக்கொண்டு ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேனோ என்னவோ. 

மூன்றாம் நாள் அவர்கள் மொட்டை மாடியில் சின்னச் சின்ன கவுன்கள் காய்வதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போதே ஓடியிருக்க வேண்டும். சிங்க்கில் பாத்திரம் குவிந்து கிடந்தது. இப்படியே அவளைக் கூட்டி வந்து காட்டுவதா? நாளைக்குக் காலையில் எல்லாவற்றையும் பளிச்சென்று துடைத்து வைத்துவிட்டு முறையாகப் போய் அழைக்கலாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் நான் அழைக்கும் முன்னே வாசலில் காலிங் பெல் அடித்தது. ஆறு வருடத்தில் அவள் எங்கள் காலிங் பெல்லை அடித்தது அன்றுதான் முதல் தடவை. கையில் பெருநாள் பலகாரம். அதை ஓர் அகலமான தட்டில் வைத்து, பூப்போட்ட துணி போட்டு மூடிக் கொண்டுவந்திருந்தாள்.

சமையலறைக்குக் கூட்டிப்போனேன். எல்லாவற்றையும் பார்த்தாள். கிரானைட்டைத் தடவினாள். இழுப்பறையை இழுத்து, சத்தமில்லாமல் மூடுவதைப் பார்த்துச் சிரித்தாள். தன் வீட்டுக்காரர் வரைந்த கொடியைக் கண்ணாடியில் விரலால் தொட்டுப் பார்த்தாள். பழக்கூடை டைல்ஸ் இருந்த சுவரின் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றாள். எப்போதும் வருகிற அக்கா அந்த வாக்கியத்தில் வரவில்லை.

ஜன்னல் எங்கே என்று அவள் கேட்பாள், கேட்டதும் படத்தை எடுத்துக் காட்டி, நங்கையா கதையைச் சொல்லி, என் கிறுக்குத்தனத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கலாம் என்று நான் காத்திருந்தேன். நானாகச் சொல்வேன் என்று அவள் காத்திருந்தாள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மரியாதையில் குறை வைக்கத் தெரியாது. கேட்டால் நான் சங்கடப்படுவேனே என்று அவள் கேட்கவில்லை. நானாக எடுத்தால், ஊர் இருக்கிற இருப்பில் அவள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வாளோ என்று நான் வாயைத் திறக்கவில்லை. அவள் ஏற்கெனவே வேறு மாதிரி எடுத்துக்கொண்டாயிற்று என்பது என் மண்டையில் ஏறவில்லை. கலவரம் நடந்தது நவம்பரில். ஜன்னல் அடைத்தது டிசம்பரில், அவள் ஊரில் இல்லாதபோது, அவளுக்குச் சொல்லாமல். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

என்ன பேசுவதென்று தெரியாமல் சிம்னியைப் போட்டுக் காட்டினேன். அந்தக் காலத்துச் சிம்னி மாவு மில் மாதிரி இரையும். அதன் கீழே நின்றுகொண்டு அவள் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. "என்ன அம்மணி?" என்று கத்தினேன். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாள். காப்பி குடித்தாள், டம்ளரைத் தானே கழுவி வைத்தாள், போனாள். அவள் என்ன சொன்னாள் என்று கேட்க எனக்கு அதன் பிறகும் எத்தனையோ நாட்கள் இருந்தன. கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஊரில் குண்டுகள் வெடித்தன. மறுபடியும் ஊரடங்கு, மறுபடியும் அடைத்த கடைகள், வீதி முனையில் போலீஸ். இந்தத் தடவை பாலும் போகவில்லை, மாவும் வரவில்லை.

இரண்டாம் நாள் காலையில் அந்தப் பழக்கூடைச் சுவரின் முன்னால் நின்றேன். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம், கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி, லேசாகக் கேட்டது. அவள் இருக்கிறாள். குழந்தைக்குப் பால் இருக்கிறதா தெரியவில்லை. கரண்டியை எடுத்தேன். இரண்டு தட்டுத் தட்டினால் போதும், அவளுக்குப் புரிந்துவிடும். கையை ஓங்கிவிட்டு நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் தெரியுமா? டைல்ஸ் விரிசல் விட்டுவிடும் என்று. என்னைப் பற்றி நான் யாரிடமும் சொல்லாத விஷயம் இது.

"வாசல் வழியாவாச்சும் போயிப் பாத்துட்டு வாரனுங்க" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"இப்பப் போவேண்டாம் புள்ள. வீதில நாலு பேரு நின்னு பாத்துட்டு இருக்கறாங்க. ரெண்டு நாள் போவட்டும்" என்றார்.

அவர் சொன்னதால் நிற்கவில்லை. அவர் சொல்லி நான் கேட்காத விஷயங்களுக்கு ஒரு பட்டியலே உண்டு. சமையலறையும் அதில் ஒன்று. அன்றைக்கு மட்டும் புருஷன் பேச்சைத் தட்டாத மனைவியாக இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. ஜன்னல் இருந்திருந்தால் வீதியில் நிற்கும் நாலு பேரைப் பற்றிக் கேள்வியே எழுந்திருக்காது. கையை நீட்டியிருப்பேன், அவ்வளவுதான். இரண்டு நாள் என்பது பத்து நாள் ஆயிற்று. அதன் பிறகு எந்த முகத்தோடு போவது என்றாயிற்று.

சித்திரையில் அவர்கள் வீட்டை விற்றுவிட்டார்கள். தாராபுரத்துக்கே போய் அங்கே கடை வைக்கப் போவதாகப் பால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாமான் ஏற்றிய வேன் முன்னால் போய்விட, அவள் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வந்தாள். சொல்லிக்கொள்ளாமல் போக அவளுக்குத் தெரியாது.

"வாரனுங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "அம்மணி, அந்த ஜன்னல் வந்து... அது ஒரு படத்தப் பாத்து..." என்று உளறினேன்.

"அதுக்கென்னங்க. நம்மூட்டுப் புகை உங்க ஊட்டுக்கு வராம இருக்குது. நல்லதுதானுங்க" என்றாள். குரலில் ஒரு துளிக் கோபம் இல்லை. இருந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

"புதினாவயும் காய விட்டுட்டேன்."

"அது சல்லிசா மொளைக்குமுங்க" என்றாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பெண் அன்றைக்கும் கை ஆட்டியது. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

வீட்டை வாங்கியவர்கள் ஆவணியில் பால் காய்ச்சினார்கள். வீதியில் எல்லோரையும் அழைத்தார்கள், என்னையும்தான். பெண்கள் எல்லோரும் சமையலறைக்குள் நெருக்கியடித்து நின்றோம். பால் பொங்கியது, குலவை போட்டார்கள், ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தார்கள். அந்த ஜன்னலில் ஒரு துணித் திரை தொங்கியது. இரண்டு ஆணி அடித்து, ஒரு கயிறு கட்டி, அதில் கோத்த திரை. அந்தப் பூப்போட்ட துணி எனக்குத் தெரியும். அன்றைக்குப் பலகாரத் தட்டை மூடிக் கொண்டுவந்தாளே, அதே துணி. ஆறு வருடத்தில் அந்த ஜன்னலுக்கு அவள் திரை போட்டதே இல்லை.

வீட்டை வாங்கிய பெண்மணிக்கு நான் எந்த வீடு என்று தெரியாது. காற்று வரட்டும் என்று திரையை விலக்கினார். விலக்கிவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இதப் பாருங்க. எந்தப் புண்ணியவதிங்க இப்பிடி அடைச்சு வெச்சிருக்கறது? அடுப்படில நின்னு தல நிமிந்தா இந்தக் கண்றாவியத்தான் பாக்கோணும். பழய ஆளுக எப்பிடித்தான் இருந்தாங்களோ!"

நான் பார்த்தேன். அந்தப் பக்கம் நின்று அதைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. என் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரின் நடுவே, ஒரு ஜன்னலின் அச்சு அசலான அளவில், கோணல் மாணலாக அடுக்கிய செங்கல். இடுக்குகளில் பிதுங்கி வழிந்து அப்படியே இறுகிப்போன சிமெண்டு. மேலே உடைந்த ஓட்டுத் துண்டுகளை வைத்து இட்டு நிரப்பியிருந்தார்கள். ஆத்திரத்தில் யாரோ அள்ளி அடைத்த மாதிரி இருந்தது.

இந்தப் பக்கம் பழக்கூடை டைல்ஸ் எந்த வரிசையில் வர வேண்டும் என்று இரண்டு நாள் யோசித்தவள் நான். அந்தப் பக்கம் அவள் மூன்று வேளையும் எதைப் பார்த்துக்கொண்டு சமைக்கப் போகிறாள் என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை. திரை போடும்வரை எத்தனை நாள் அதைப் பார்த்தாளோ. என்னைப் பார்த்து நின்ற இடத்தில் நின்று, வெங்காயம் அரிந்துகொண்டு, அதைப் பார்த்திருப்பாள்.

"அது எங்க ஊடுங்க" என்றேன். அந்த அம்மாள் பதறிப்போய், ஐயோ தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்ல வேண்டியவள் நான். கேட்க வேண்டியவள் அங்கே இல்லை.

மறுநாளே கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினேன். சந்துக்குள் ஒருக்களித்து நின்று, வழிந்த சிமெண்டையெல்லாம் கொத்தி எடுத்து, வழவழவென்று பூசி, வெள்ளையும் அடித்தார். காலையில் மில் சங்கு ஊதும்போது ஆரம்பித்த வேலை, நான் மத்தியானச் சோறு வடிக்கும் முன்னே முடிந்துவிட்டது.